ஆடியில் விதை, சித்திரையில் வற்றல்

விதை வாங்கக் கிளம்பும் முன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். சமையலறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டி, மூன்று மாதம் வீட்டுக்குள் வந்த காய், கீரை, மிளகாய், புளி எல்லாவற்றையும் எடை போட்டு எழுதுங்கள். நான் சத்துணவு மையத்தில் அமைப்பாளராக இருந்தவள். அரிசி இத்தனை, பருப்பு இத்தனை, முட்டை இத்தனை என்று தினமும் பதிவேட்டில் எழுதிய கை இது. ஆனாலும் என் வீட்டில் ஐந்து பேர் எவ்வளவு காய் சாப்பிடுகிறோம் என்பது அந்த நோட்டு போட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. வாரம் 8 கிலோ, வருஷத்துக்கு 400 கிலோவுக்கு மேல். புளி மாதம் ஒரு கிலோ. காய்ந்த மிளகாய் மாதம் அரைக் கிலோ.

எங்கள் வீடு வேலூர் மாவட்டத்தில், பள்ளிகொண்டாவுக்கும் அணைக்கட்டுக்கும் நடுவே ஒரு கிராமத்தில் இருக்கிறது. மொத்தம் 7 சென்ட். வீடு, மாட்டுக்கொட்டகை, துணி துவைக்கும் கல் போகப் பின்பக்கம் 3 சென்ட் மண் மிஞ்சுகிறது. அதாவது 1,300 சதுர அடி. இந்த இடத்தில் நெல்லும் பருப்பும் விளையாது. அரிசி, துவரம்பருப்பு, சர்க்கரை, உருளைக்கிழங்கு, வெங்காயம் இன்றைக்கும் வெளியில்தான் வாங்குகிறோம். நான் வைத்துக்கொண்ட இலக்கு இதுதான்: கீரை முழுவதும் வீட்டிலிருந்து, காய் பாதிக்கு மேல் வீட்டிலிருந்து, வற்றல், வடகம், ஊறுகாய், புளி ஒன்றுகூடக் கடையிலிருந்து வரக்கூடாது. இதற்கு எங்களுக்கு நான்கு வருஷம் ஆனது. நீங்களும் ஒரே வருஷத்தில் எல்லாவற்றையும் செய்யப் பார்க்காதீர்கள்.

நம் ஊர் வருஷம் எப்படி ஓடுகிறது

தோட்டம் பற்றிய குறிப்புகள் நிறைய, குளிர்ந்த ஊர்களை நினைத்து எழுதியவை. அங்கே பனிக்காலத்துக்காகச் சேமிக்கிறார்கள். வேலூர்க்காரர்களுக்குப் பஞ்சம் வருகிற மாதம் வேறு. சித்திரை பிறந்தால் வெயில் 40 டிகிரியைத் தொடும், அக்னி நட்சத்திரத்தில் அதையும் தாண்டும். பகல் சூடு 35-ஐத் தாண்டினாலே தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிரும். கத்தரி இலை மத்தியானத்தில் தொங்கிப்போகும். ஆனியில் இடிமழை நாலு பெய்த பிறகுதான் மண் மூச்சு விடும். ஆடியில் விதைத்தால் காய் கைக்கு வர ஐப்பசி. அப்புறம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கீரையும் தக்காளியும் அழுகும், சந்தையிலும் விலை ஏறும். தை, மாசி, பங்குனி மூன்று மாதம் மட்டும் கூடை கூடையாகக் காய் வரும்.

ஆக, தையில் வருவதைத் தின்று தீர்க்காமல் வைகாசிக்கும் கார்த்திகைக்கும் தள்ளி வைக்க வேண்டும். தள்ளி வைக்க நமக்குக் கரண்டும் வேண்டாம், எந்திரமும் வேண்டாம். எந்த வெயில் தோட்டத்தைக் கொல்கிறதோ அதே வெயில் மூன்றே நாளில் கத்தரிக்காயைச் சருகாக்கித் தருகிறது. இதைப் புரிந்துகொண்ட வருஷத்திலிருந்துதான் என் செடிக் கணக்கு மாறியது. அன்றன்றைக்குச் சமைக்க எத்தனை செடி என்று முன்பு யோசித்தேன். இப்போது மொட்டைமாடியில் காயப்போட எத்தனை செடி என்பதையும் சேர்த்து நடுகிறேன்.

மண்ணும் தண்ணீரும்

எங்களுடையது சரளை கலந்த செம்மண். தண்ணீர் ஊற்றினால் நிற்காது, காய்ந்தால் கட்டாந்தரை. முதல் வருஷம் அதில் நான் கீரை தவிர எதையும் விதைக்கவில்லை. 3 அடி அகலத்தில் மேட்டுப்பாத்தி போட்டு, காய்ந்த இலை, சாணம், அடுப்புச் சாம்பல், மக்கிய குப்பை என்று மாறி மாறிப் போட்டுக்கொண்டே இருந்தேன். பாத்தி மேடாக இருப்பது கார்த்திகை மழைக்கு. தண்ணீர் வடிந்தால்தான் வேர் அழுகாது. அகலம் 3 அடியைத் தாண்டக் கூடாது, இரண்டு பக்கமும் நின்றபடி கை எட்ட வேண்டும், மண்ணை மிதிக்கக் கூடாது.

மூடாக்கு இல்லாமல் எங்கள் பக்கம் தோட்டம் கிடையாது. மல்லாட்டை (வேர்க்கடலை)த் தோல், கரும்புச் சோகை, தென்னை மட்டை நறுக்கு, எது கிடைத்தாலும் நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். ஒரு சித்திரை மத்தியானம் வெறும் மண்ணில் ஒரு காலும் சோகைக்கு அடியில் ஒரு கையும் வைத்துப் பாருங்கள், யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒன்று மட்டும், செடியின் தண்டை ஒட்டிப் போடாதீர்கள், கரையான் ஏறும்.

தண்ணீர் காலை 7 மணிக்குள். போர் தண்ணீர் எங்களுக்குக் கோடையில் அரை மணி நேரம்தான் ஏறுகிறது. அதனால் மிளகாய், கத்தரிப் பாத்திகளில் நான்கு செடிக்கு நடுவே ஒரு மண்பானையைக் கழுத்துவரை புதைத்திருக்கிறேன். பூசாத பழைய பானைதான் வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கு இல்லாததாக. இரண்டு நாளைக்கு ஒருமுறை நிரப்பி மூடிவிட்டால் தண்ணீர் கசிந்து வேருக்கே போகும். கொசு வராமல் மூடி இறுக்கமாக இருக்கட்டும். குளிக்கிற தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் மட்டும். துணி சோப்புத் தண்ணீரைக் கீரைக்கு விடாதீர்கள்.

மேற்கு வெயில்தான் எமன். மேற்கு மதிலை ஒட்டி அகத்தி ஒரு வரிசை, இரண்டு முருங்கைப் போத்து நட்டுவிடுங்கள். ஆறு மாதத்தில் நிழல், கூடவே கீரை. அது வளரும்வரை பச்சை நிழல்வலை கட்டலாம், பாதி வெயிலை மறைக்கிற வலை போதும்.

எதை எத்தனை

வழக்கமாக என் தோட்டத்தில் இருப்பது: கத்தரி 24, மிளகாய் 20, தக்காளி 20, வெண்டை 30, கொத்தவரை மூன்று வரிசை, பத்தடிக்குப் பத்தடி சவுக்குக் கழிப் பந்தல் ஒன்றில் அவரை, பீர்க்கன், பாகல், வேலியில் கோவைக்கொடி, பரங்கியும் பூசணியும் குப்பைக்குழி ஓரத்தில். கீரைக்கு ஒரு முழுப் பாத்தி. அரைக்கீரை விதைத்தால் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும், சிறுகீரையும் தண்டுக்கீரையும் 25 நாளில் பிடுங்கிவிட்டு மறுபடி தூவ வேண்டும். மணத்தக்காளியை நான் விதைப்பதே இல்லை, குருவி விதைத்துவிட்டுப் போகிறது, நான் பிடுங்காமல் விடுகிறேன்.

வெண்டையை மொத்தமாக ஊன்றாதீர்கள். அது வற்றலுக்குச் சுமார்தான், அன்றன்றைக்குத் தின்கிற காய். 20 நாளைக்குப் பத்து விதையாக ஊன்றினால் தொடர்ந்து வரும். அவரைக்கு நாள் தவறக் கூடாது. பகல் பொழுது குறையும்போதுதான் நாட்டு அவரை பூக்கும். ஆடியில் ஊன்றினால் மார்கழியில் பூ, தை, மாசியில் காய். மாசியில் ஊன்றினால் கொடிதான் ஓடும். கொத்தவரை நேர்மாறு, சூட்டைத் தாங்குகிற காய் அது. மாசியில் ஊன்றினால் சித்திரையில் பறிக்கலாம், பறித்த அன்றே வெயிலில் வற்றலாகும். மிளகாயில் செடிக்கு அரைக் கிலோ பழம் கிடைத்தால் அது நல்ல வருஷம். 20 செடிக்கு 10 கிலோ, காய்ந்தால் இரண்டரைக் கிலோ. எங்களுக்கு வருஷத்துக்கு 6 கிலோ வேண்டும். மீதியை நான் வாங்குகிறேன், அதில் எனக்கு வருத்தமில்லை. இடத்தை மிளகாய்க்கே கொடுத்துவிட்டால் கத்தரிக்கு எங்கே போவது?

கத்தரி என்றால் எங்கள் பக்கம் முள் கத்தரிதான். இலவம்பாடி எங்களுக்குப் பக்கத்து ஊர். தண்டு, இலை, காம்பு எல்லாவற்றிலும் முள் இருக்கும். 2023-ல் வேலூர் முள் கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, சின்ன வயதில் பறிக்கச் சொன்னால் அழுத காய்க்கா இவ்வளவு மரியாதை என்று என் அக்கா போன் செய்தாள். காரக்குழம்பில் போட்டால் வெண்ணெய் மாதிரி கரையும், ஆனால் உருவம் குலையாது. விதை வேண்டுமென்றால் பயிரிடுகிற வீட்டில் கேட்டு வாங்குங்கள், அல்லது செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் கத்தரி விற்கிறவர்களிடம் சொல்லி வையுங்கள். நான் முதலில் வாங்கியது ஒரு கடைப் பாக்கெட் விதை. முதல் வருஷம் நன்றாகக் காய்த்தது. அதிலிருந்து விதை எடுத்து மறு வருஷம் போட்டால் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு விதமாக வந்தது. வீரிய ஒட்டு விதை அப்படித்தான். விதைக்கும் கடைக்குப் போகாமல் இருக்க வேண்டுமென்றால் நாட்டு ரகம் ஒன்றே வழி.

ஆடிப்பெருக்கை ஒட்டி நாற்று விடுங்கள். 30, 35 நாளில் நாற்று ஒரு சாண் வளர்ந்திருக்கும். சாயங்காலம் பார்த்து, இரண்டடி இடைவெளியில் பிடுங்கி நடுங்கள். நட்ட மூன்றாவது வாரத்திலிருந்து தினமும் ஒரு நடை செடிகளைப் பார்த்தாக வேண்டும். எல்லா இலையும் நிமிர்ந்து நிற்க, ஒரே ஒரு நுனிக்குருத்து மட்டும் தலை தொங்கியிருக்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் குருத்தை விரல் நீளம் கிள்ளி, நகத்தால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். தண்டுக்குள் வெளிறிய சிவப்பில் ஒரு புழு நெளியும், பின்னால் அதன் எச்சம் மாவு மாதிரி இருக்கும். தண்டு துளைப்பான். இதை இப்போது விட்டால் அடுத்தது காய்க்குள் போகும். கிள்ளியதைத் தோட்டத்தில் போடாதீர்கள், கோழிக்குப் போடுங்கள் அல்லது எரியுங்கள். ஓட்டை விழுந்த காயையும் அப்படியே. 24 செடிக்கு மருந்து அடிப்பதைவிடத் தினம் பத்து நிமிஷம் கிள்ளுவது நல்ல பலன் தருகிறது. அதற்கும் அடங்காவிட்டால் வேப்பங்கொட்டைக் கரைசல். அரைக் கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் கட்டி, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் பிழிந்து 10 லிட்டராக்கி, துளி காதி சோப்பு கரைத்துச் சாயங்காலம் தெளியுங்கள். பழைய கொட்டையில் வேகம் இருக்காது. ஆனி, ஆடியில் மரத்தடியில் விழுவதைப் பொறுக்கிக் காயவைத்துக்கொள்ளுங்கள்.

தைக் காய்ப்பு ஓய்ந்ததும் பங்குனியில் செடியை முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்து, ஒரு கூடை மக்கிய எரு வைத்து, மூடாக்குப் போட்டுவிட்டால் கோடையைத் தூங்கிக் கழித்து ஆடி மழையில் துளிர்க்கும். எல்லாம் பிழைக்காது. பாதி பிழைத்தாலும் புது நாற்று வரும்வரை குழம்புக்கு ஆகும்.

உரத்துக்கு நான் எதையும் பெரிதாக வாங்குவதில்லை. பக்கத்துக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கும்போது இரண்டு மூட்டை வாங்கி, உரித்துச் செக்கில் கொடுக்கிறோம். இரண்டரைக் கிலோ பருப்புக்கு ஒரு லிட்டர் எண்ணெய் என்பது என் கணக்கு. எண்ணெய் சமையலுக்கு, புண்ணாக்கில் பாதி மாட்டுக்கு, பாதி ஊறவைத்துப் புளித்த பிறகு ஒன்றுக்குப் பத்து தண்ணீர் கலந்து செடிக்கு, தோல் மூடாக்குக்கு. ஒரு மூட்டை மல்லாட்டையில் வீசுவதற்கு ஒன்றுமில்லை. செடியில் புரியாத நோய் வந்தால் விரிஞ்சிபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் அறிவியல் நிலையம் இருக்கிறது, நோய் வந்த கிளையோடு போய்க் கேளுங்கள்.

வற்றல்

முதலில், ஒன்றுமே செய்யாமல் நிற்கிற காய்களைச் சொல்லிவிடுகிறேன். பரங்கி, கல்யாணப் பூசணி இரண்டும் கொடியிலேயே முற்றி, நகம் வைத்தால் தோலில் இறங்காத பதத்தில், நான்கு விரல் காம்போடு அறுத்தால் பல மாதம் தாங்கும். தரையில் வைக்காமல் வைக்கோல் மேலோ உறியிலோ வையுங்கள், ஒன்றையொன்று தொடக் கூடாது. போன மாசியில் அறுத்த பூசணியை ஆடிக் கூழ் அன்றைக்குத்தான் உடைத்தோம். சேனையும் கருணையும் உலர்ந்த மணலில் புதைத்தால் போதும்.

அடுத்தது வற்றல். இதற்குள் இருக்கிற விஷயம் ஒன்றே ஒன்று. காயைக் கெடுப்பது அதிலுள்ள ஈரம். ஈரத்தை வெயில் இழுக்கும், உப்பும் இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் பூஞ்சணத்துக்கு வாழ இடமில்லை.

கத்தரிக்காயைக் காம்பு நீக்கி நீளவாக்கில் நான்காக அரிந்து, அரிந்தவுடன் உப்புப் போட்ட அரிசி கழுநீரில் போடுங்கள், கறுக்காது. பெரிய பாத்திரத்தில் தண்ணீரோடு கொஞ்சம் புளிக்கரைசல், கல்லுப்பு, மஞ்சள்தூள் சேர்த்துக் கொதிக்கவிட்டு, கத்தரியைப் போட்டு மூன்று நிமிஷத்தில் அரித்தெடுங்கள். வேகக் கூடாது, வெதும்ப வேண்டும். மொட்டைமாடியில் வெள்ளை வேட்டி விரித்து, துண்டு துண்டைத் தொடாதபடி பரப்பி, மேலே கொசுவலையைக் கல் வைத்துக் கட்டுங்கள். சாயங்காலம் பனி இறங்கும் முன் உள்ளே எடுத்துவிட வேண்டும். மாசி வெயிலில் நான்கு நாள், சித்திரையில் மூன்று நாள். 10 கிலோ காய்க்கு ஒரு கிலோ வற்றல் வரும். கொத்தவரையும் இப்படித்தான், ஆனால் புளிக்குப் பதில் புளித்த மோர். முற்றலைப் போடாதீர்கள், நார் நாராக வரும்.

காய்ந்ததா என்று பார்க்கும் விதத்தை நான் கற்றது ஒரு நஷ்டத்தில். வற்றல் போட ஆரம்பித்த வருஷம் மூன்று கிலோ கொத்தவரை வற்றல் போட்டேன். கடைசி நாள் நான்கு மணிக்கு மாடியிலிருந்து அள்ளி வந்து, அப்படியே பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிந்துகொண்டிருந்தேன். அத்தை திண்ணையிலிருந்து பார்த்தார்கள். "இன்னாம்மா, சூடு ஆறறதுக்குள்ளயே கட்டற?" என்றார்கள். மழை மேகம் இருக்கிறது அத்தை என்று சொல்லி நான் கட்டிவிட்டேன். ஆவணியில் ஒரு நாள் கவரைப் பிரித்தால் உள்ளே சாம்பல் பூத்திருந்தது, மக்கிய நாற்றம். மூன்று கிலோவையும் குப்பைக்குழியில் கொட்டினேன். பறித்தது, வேகவைத்தது, நான்கு நாள் மாடி ஏறி இறங்கியது எல்லாம் அதோடு போயிற்று. அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வருஷம் வற்றல் காய்ந்த அன்று அவர்களே வந்து ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்து ஒடித்தார்கள். "சத்தம் கேக்கணும். வளைஞ்சா இன்னொரு வெயில்" என்றார்கள்.

சூடான வற்றலை மூடினால் அதன் ஆவியே உள்ளே தண்ணீராக மாறும். முறத்தில் பரப்பி நிழலில் ஆறவிட்டு, மறுநாள் மறுபடி ஒடித்துப் பார்த்து, நன்றாக உலர்ந்த தகர டப்பாவிலோ கண்ணாடிப் பாட்டிலிலோ போடுங்கள். ஆடி, ஐப்பசி இரண்டு மாதத்திலும் ஒரு வெயில் காட்டி எடுத்து வைத்தால் அடுத்த சித்திரைவரை நிற்கும்.

மோர் மிளகாய்க்கு நல்ல பருத்த பச்சை மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் ராத்திரி ஊறவிடுங்கள். பகலில் மிளகாயை மட்டும் வெயிலில் போட்டு, சாயங்காலம் அதே மோருக்குள். மோர் முழுக்க உறிஞ்சும்வரை மூன்று நான்கு நாள் இப்படி, அப்புறம் வெயில் மட்டும்.

தாளிப்பு வடகம்

பழைய வட ஆற்காட்டுப் பக்கம் வடகம் இல்லாத வீட்டுச் சமையலை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கீரை கடைந்தாலும், கருவாட்டுக் குழம்பு வைத்தாலும், எண்ணெயில் ஒரு சிட்டிகை வடகம் பொரிந்தால் தெருக்கோடி வரை தெரியும். என் ஆயா சொல்லிக்கொடுத்த அளவை அப்படியே தருகிறேன்.

சின்ன வெங்காயம் 2 கிலோ, விலை இறங்குகிற மாசி, பங்குனியில் வாங்குங்கள். பூண்டு கால் கிலோ. உடைத்த வெள்ளை உளுந்து 200 கிராம். கடுகு, சீரகம் 100 கிராம் வீதம். வெந்தயம் 50 கிராம். மஞ்சள்தூள் இரண்டு ஸ்பூன். கல்லுப்பு 100 கிராமுக்குக் கொஞ்சம் மேல். கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி. விளக்கெண்ணெய் அரை டம்ளர்.

வெங்காயத்தை உரித்து உரலில் ஒன்றிரண்டாக இடியுங்கள். மிக்ஸி என்றால் ஒரே சுற்று, அதற்கு மேல் ஓடினால் கூழாகிக் கசக்கும். பூண்டைத் தோலோடு தட்டுங்கள். எல்லாவற்றையும் மண்சட்டியில் கலந்து, துணியால் மூடி ராத்திரி விடுங்கள். காலையில் சட்டியின் அடியில் வெங்காயச் சாறு நிற்கும். அதைக் கொட்டக் கூடாது, வடகத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. எலுமிச்சை அளவு உருண்டை பிடித்து, பிழிகிற சாறு சட்டியிலேயே விழட்டும், உருண்டையை வெயிலில் வையுங்கள். சாயங்காலம் எல்லா உருண்டையையும் எடுத்து வந்து, உடைத்து, அதே சாற்றில் பிசைந்து மூடி வையுங்கள். மறுநாள் மறுபடி உருண்டை. மூன்றாம் நாள் சாறு தீர்ந்திருக்கும், உளுந்து ஊறிப் பருத்திருக்கும், நிறம் பழுப்பாகும். நான்காம் நாளிலிருந்து கையில் விளக்கெண்ணெய் தடவி உருட்டுங்கள். பூச்சி அண்டாது, உருண்டை வெடிக்காது. பத்து நாளில் கல் மாதிரி ஆனால் ஜாடியில் எடுத்து வைக்கலாம். மேகம் மூடினால் உருண்டையை மின்விசிறிக்கு அடியில் பரப்புங்கள், மூடி மட்டும் வைக்காதீர்கள். நடுப்பகுதி ஈரமாக நின்றுவிட்டால் முழு உருண்டையும் போகும். சந்தேகமாக இருந்தால் ஒன்றை உடைத்துப் பார்த்துவிடுங்கள். நன்றாகக் காய்ந்த வடகம் ஒரு வருஷம் தாராளமாக வரும், நாள் ஆக ஆக வாசம் ஏறும்.

ஊறுகாய், புளி, தக்காளி

மாங்காய்க்கு நாங்கள் கடைக்குப் போவதில்லை, சித்திரையில் குடியாத்தம் பக்கத்திலிருந்து தெருவுக்கே வண்டி வரும். புளிப்பான நாட்டு மாங்காய் வாங்குங்கள். கழுவி, துடைத்து, ஈரம் உலர்ந்த பிறகுதான் கத்தி வைக்க வேண்டும். ஒரு கிலோ துண்டுக்குக் கல்லுப்பு 150 கிராமுக்குக் குறையக் கூடாது. உடம்புக்கு ஆகாது என்று உப்பைக் குறைத்தால் ஊறுகாய் கெடும். உப்பு வேண்டாதவர்கள் ஊறுகாயைக் குறைத்துச் சாப்பிடட்டும். பீங்கான் ஜாடி, மரக்கரண்டி, ஜாடி வாயில் கட்ட வெள்ளைத் துணி. நல்லெண்ணெய் துண்டுகளுக்கு மேல் ஒரு விரல் நிற்க வேண்டும். தினசரிக்குச் சின்ன பாட்டிலில் எடுத்துக்கொண்டால் பெரிய ஜாடியைப் பத்து நாளைக்கு ஒருமுறைதான் திறப்போம்.

புளி மாசி, பங்குனியில் உலுக்குவார்கள். எங்களுக்கு மரமில்லை. மரம் உள்ள வீட்டில் ஓடு தட்டிக் கொட்டை எடுத்துக் கொடுத்துப் பங்கு வாங்குகிறேன், 12 கிலோ. நார் எடுத்து, இரண்டு வெயில் காட்டி, ஒரு அடுக்குப் புளி, ஒரு பிடி கல்லுப்பு என்று பானையில் அழுத்தி வைத்தால் வருஷம் ஓடும். கறுத்துப் போவது கெட்டதற்கு அடையாளமில்லை.

தக்காளிக்குத் தொக்கு. 3 கிலோ தக்காளிக்கு 100 கிராம் புளி கட்டாயம் சேருங்கள். புளிப்பு கூடினால்தான் கிருமி அண்டாது. எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்வரை சுண்டக் காய்ச்ச வேண்டும், பாதியில் இறக்கினால் ஒரு வாரத்தில் நுரைக்கும். பிரிட்ஜ் இருந்தால் அதில் வைப்பது நல்லது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பீன்ஸ், கொத்தவரை, கிழங்கு போன்ற புளிப்பில்லாத காய்களை வேகவைத்துக் காற்றுப்புகாத பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைக்கிற முறையை வீட்டில் செய்யாதீர்கள். காற்றில்லாத இடத்தில் வளர்கிற ஒரு கிருமி இருக்கிறது. அதன் வித்து கொதிநீர்ச் சூட்டில் சாகாது. அழுத்தத்தில் 121 டிகிரி வரை, அதற்கென்று உள்ள பாத்திரத்தில் கொண்டுபோக வேண்டும். அது விடுகிற விஷம் நரம்பைத் தாக்கி ஆளையே கொல்லும், பல சமயம் மணமோ நிறமோ காட்டிக்கொடுக்காது. நமக்கு வெயில் இருக்கிறது, உப்பு இருக்கிறது. வற்றலாகப் போடுங்கள்.

விதையும் கணக்கும்

முதல் காய்ப்பிலேயே ஒரு நல்ல செடியைத் தேர்ந்து சிவப்புத் துணி கட்டிவிடுங்கள், வீட்டில் யாரும் பறிக்க மாட்டார்கள். கத்தரி மஞ்சளாகி மெத்தென்று ஆகும்வரை விட வேண்டும். பீர்க்கன், வெண்டை, அவரை செடியிலேயே காய்ந்து குலுக்கினால் சலசலக்கட்டும். தக்காளி விதையைச் சாறோடு இரண்டு நாள் புளிக்கவிட்டு அலசினால் வழுவழுப்பு போய்விடும். எல்லா விதையையும் இளவெயிலில் காட்டி, நிழலில் உலர்த்தி, சலித்த சாம்பலில் புரட்டி, பேர், மாதம் எழுதிய காகிதப் பொட்டலத்தில் கட்டி, டப்பாவில் போடுங்கள். உச்சி வெயிலில் விதை காயக் கூடாது.

ஜாடிக்கும் இதே மாதிரி சீட்டு ஒட்டுங்கள். பழசு முன்னால், புதுசு பின்னால். எந்த ஜாடி எந்தத் தேதியில் தீர்ந்தது என்பதை அந்த நாற்பது பக்க நோட்டிலேயே குறித்து வாருங்கள், அடுத்த வருஷம் எத்தனை செடி என்பதை அதுவே சொல்லும். போன வருஷம் புளி பங்குனி வரை வந்தது, வடகம் மிஞ்சியே போயிற்று, கொத்தவரை வற்றல் மட்டும் ஐப்பசி 10-ம் தேதியே தீர்ந்துவிட்டது. இந்த மாசியில் மூன்று வரிசையை நான்காக்கி ஊன்றியிருக்கிறேன்.